வீடின்மைக்கு வயது என்ன?

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் வீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக ஒரு பழைய ஏட்டை முதலில் காட்ட விரும்புகிறோம். இவ்விழாவுக்காகக் கழகத்தின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, நம் மாலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்தும் வெளிவந்தன. கரையான் தின்றவை போக எஞ்சியவற்றைப் புரட்டிக்கொண்டே போனோம். பெயர், தந்தை பெயர், வகுப்பு, முகவரி என்று நான்கு கட்டங்கள். ஆண்டுதோறும் அதே பிள்ளைகள். ஆயின் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே முதலாண்டில் "பண்ணைக் களத்துமேடு" என்றிருந்தது. ஈராண்டு கழித்து "வாய்க்கால் கரை". அதற்கடுத்து "அத்தை வீடு". அதற்கும் அடுத்த ஆண்டில் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை. அக்காலத்தில் பதிவேடு எழுதிய ஆசிரியரைக் கேட்டோம். "அவ்வாண்டு அவன் நம் பள்ளித் திண்ணையிலேதான் படுத்துக்கொண்டான், நான் எதை எழுதுவது?" என்றார்.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளோம். வீடின்மை எதனால் வருகிறது என்று பலரும் பேசியிருக்கிறார்கள். அது எத்தனை நாள் நீடிக்கிறது, ஏன் சிலருக்குப் பத்து நாளிலும் சிலருக்கு மூன்று தலைமுறையிலும் முடிகிறது என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "வீடற்றோர்" என்றால் கூரையுள்ள எந்தக் கட்டடத்திலும் வாழாதவர். நடைபாதையிலும் பாலத்தின் அடியிலும் வெட்டவெளியிலும் உறங்குபவர். 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு அவர்களை எண்ணினார்கள். இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் என்று கணக்கு வந்தது. அவர்களில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர்ப்புறத்தார். இக்கணக்கில் நம் வாய்க்கால் கரைத் தெரு வராது. நான்கு மூங்கிலும் பத்துக் கீற்றும் இருந்தால் அது கூரை. கூரை இருந்தால் அது வீடு. நாளைக் காலையில் பொக்லைன் வந்து அதைத் தள்ளப்போகிறது என்பது கணக்கில் ஏறாது. அது மட்டுமன்று. அவர்கள் எண்ணியது ஓர் இரவு. ஓர் இரவில் எத்தனை பேர் என்று எண்ணலாமே தவிர, ஒருவருக்கு எத்தனை இரவு என்று எண்ண இயலாது. நகரத்து நடைபாதையில் வீடின்மை கண்ணுக்குத் தெரிகிறது. சிற்றூரில் அது பிறர் வீட்டுத் திண்ணையிலும், மாட்டுக் கொட்டகையிலும், மாமனார் வீட்டு மூலையிலும் மறைந்து கிடக்கிறது.

நாம் அறிந்த நிலம் கீழத்தஞ்சை. 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. 2011 கணக்கின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டிலேயே மிகுதியான விழுக்காடு அது. அத்தனை பேர் உழைத்து விளைந்த நெல் நாடெங்கும் சென்றது. ஆயின் விளைவித்தவன் கால் நீட்டிப் படுத்த இடம் எவருடையது என்று கேட்டால், விடை பெரும்பாலும் "பண்ணையுடையது", "கோயிலுடையது", "அரசுடையது" என்றே வரும்.

இது நேற்று வந்த நிலை அன்று. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் வந்த ஆணையால் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது என்பதை நம் இளைஞர்கள் அறிவார்கள். அவ்வறிக்கை விளைநிலத்தோடு குடியிருப்பு மனையைப் பற்றியும் பேசிற்று என்பதைப் பலர் அறியார். சேரி நின்ற மண்ணே மிராசுதாரின் உரிமை என்று கொள்ளப்பட்ட ஊர்களில், உழைப்பாளி வாய் திறந்தால் கூலி மட்டும் போகாது. அடுப்பும் சேர்ந்து போகும். வேலை வேறு, மனை வேறு என்றில்லாமல் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. 1920-ஐ ஒட்டி அன்றைய சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் என்றோர் அலுவலரை அமர்த்தி, நம் மக்களுக்கு மனை வாங்கித்தரும் வேலையை அவரிடம் ஒப்படைத்தது. இலவசமாக அன்று, கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவணை முறையில் விலையைத் திருப்பிக் கட்டவேண்டும். நம் முன்னோர் கட்டினார்கள். மூன்று சென்ட் மண்ணுக்குக் கூலி நெல்லை விற்றுத் தவணை கட்டியவர்களின் பேரர்கள் நாம் என்பதை நினைவில் வைப்பது நல்லது. "எல்லாவற்றையும் இலவசமாகவே பெற்றவர்கள்" என்று பேசுவோர்க்குச் சொல்ல அது உதவும்.

விடுதலைக்குப் பின் 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கெனவே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் அளவுக்கு மேல் நிலமுடையவர் தம் பண்ணையாளை நினைத்தபடி நீக்கலாகாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆயினும் பண்ணையாள் என்ற பெயரே இல்லாமற் செய்துவிட்டால் சட்டம் எதைத் தொடும்? பலர் ஆண்டாளாய் இருந்தவரை நாட்கூலியாக மாற்றினார்கள். ஆண்டாளை நீக்கும்போது அவர் குடியிருந்த மனைக்கட்டையும் காலிசெய்யச் சொல்வது வழக்கமாயிற்று. அதனாலேயே 1961-இல் குடியிருப்பினரை வெளியேற்றாமல் காக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

அதற்கும் ஏழாண்டு கழித்து, 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்நிகழ்ச்சியின் வரலாற்றை இம்மலரில் வேறொருவர் எழுதுவார் என்று நம்புகிறோம். நாம் இங்குச் சொல்ல வந்தது ஒன்றே. கூலிக்கு நடந்த போராட்டத்துக்கு விடையாகக் குடியிருப்பில் தீ வைக்கப்பட்டது. வேலையும் மனையும் ஒரே கயிற்றில் இருந்ததை இதைவிடக் கொடிதாக எவரும் காட்டியிருக்க முடியாது.

மூன்றாண்டுகளுக்குள், 1971-இல், குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாளன்று பிறர் நிலத்தில் குடியிருந்த உழவரும் விவசாயத் தொழிலாளரும் அந்த மனைக்கே உரிமையாளர் என்று அது கூறிற்று. நம் தாத்தாமார் சிலரின் தகரப் பெட்டியில் இன்றும் மடித்துக் கிடக்கும் பழுப்பேறிய தாள் அந்தச் சட்டத்தின் கொடை. அந்தத் தாள் பெற்ற குடும்பத்தையும் பெறாத குடும்பத்தையும் ஐம்பதாண்டு கழித்து இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே கூலியில் தொடங்கிய இரண்டு குடும்பங்கள். பெற்றவர் வீட்டில் குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு கான்கிரீட் ஆகியிருக்கும். பெறாதவர் வீட்டில் கீற்று மாறியிருக்கும்; இடமும் மாறியிருக்கும்.

பெறாமற்போனவர் யார்? அந்நாளில் அவ்விடத்தில் இருந்ததைக் காட்டச் சான்று இல்லாதவர். அந்நாளுக்குப் பிறகு வந்து குடியேறியவர். தந்தை பெயரில் மனை வந்து, மணமுடித்துத் தனியே போன இளைய மகன். இவர்களெல்லாம் எங்கே போனார்கள்? வாய்க்கால் கரைக்கும், ஆற்றுப் படுகைக்கும், சாலை ஓரத்துக்கும், கோயில் மனைக்கும் போனார்கள். நம் காலத்து வீடின்மை அங்கே பிறந்தது.

இனி, அது எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருவோம்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்ததை இங்குள்ள யாரும் மறந்திரார். நம் பகுதியில் கூரை நின்ற குடிசையைத் தேடவேண்டியிருந்தது. அன்றிரவு மிராசுதாரும் கூலியாளும் ஒருசேர இருட்டில் இருந்தார்கள். புயலுக்குச் சாதி தெரியாது என்று அப்போது மேடைகளில் பேசினார்கள். புயலுக்குத் தெரியாது, உண்மை. புயலுக்குப் பின் வந்த நாட்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட முகாமிலிருந்து எவர் முதலில் வீடு திரும்பினார், எவர் கடைசியில் திரும்பினார் என்று நம் கழகத்துத் தொண்டர்கள் கண்டார்கள். மனை தம்முடையதாய் இருந்தவர், சுவர் இடிந்திருந்தாலும் மறுவாரமே போய்த் தார்ப்பாயைக் கட்டி உட்கார்ந்தார். அவரை எவரும் எழுப்ப முடியாது. வாய்க்கால் கரையில் இருந்தவர் திரும்பிப்போய்க் கம்பு நட்டபோது, "மறுபடியும் இங்கேயா?" என்று கேட்க ஆள் இருந்தது. தென்னைகள் வீழ்ந்துவிட்டதால் அடுத்த ஆண்டுகளில் கீற்றும் எளிதில் கிடைக்கவில்லை. அவர்களிற் சிலருக்கு அந்தப் புயல் இன்னும் ஓயவில்லை.

வீட்டை அழித்த காரணம் இருவர்க்கும் ஒன்றே. காலம் மட்டும் வேறு. நாம் சொல்ல வந்ததன் உயிர்நிலை இதுதான். தீயும் வெள்ளமும் புயலும் வீட்டை அழிக்கும். வீடின்மையை நீட்டுவது அவையல்ல. காலடி மண் எவருடையது என்ற கேள்விக்குத் தாளில் விடை இல்லாமையே அதை நீட்டுகிறது.

அரசின் வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது, ஊர்ப்புறத்து நம் மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித்தருவதே அதன் முதல் வேலையாக இருந்தது. 1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம். 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-இல் பசுமை வீடு. 2016-இல் பிரதமர் பெயரிலான ஊரக வீட்டுத் திட்டம். சமவெளிக்கு ஒரு வீட்டுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்று வகுத்தார்கள், தமிழக அரசு கான்கிரீட் கூரைக்கெனத் தனியே பணம் சேர்த்தது. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, மூன்றரை இலட்சம் ரூபாய். ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, தொகையும் ஏறிற்று. விண்ணப்பத்தாளில் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை: மனைப்பட்டா உண்டா? வீடு இல்லாதவர்க்கு வீடு தருகிறோம் என்கிறது அரசு. மனை உள்ளவர்க்கே அது கிட்டுகிறது. மனையும் இல்லாதவர்க்கு அரசே மனை தேடித்தரவேண்டும் என்று விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. தேடும் வேலையைத் தேடச்சொல்லி நாம்தான் நடக்கவேண்டியிருக்கிறது.

பட்டா கொடுக்கப்படவே இல்லை என்று சொல்லமாட்டோம். அது நன்றி மறத்தலாகும். 1978-இல் நம் மக்களின் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கெனவே மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதன் வழியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மனை பெற்றன. ஆயின் அந்தப் பட்டாவிலும் ஒரு நோய் உண்டு. மேடையில் வைத்துத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். நிலத்தில் அளந்து கல் நட்டுக் காட்டமாட்டார்கள். அல்லது நிலத்துக்குடையவர் நீதிமன்றம் போய்விடுவார். பட்டா பெட்டியில் இருக்கும், மனை வழக்கில் இருக்கும், குடும்பம் கரையில் இருக்கும். கணக்கில் மட்டும் அவர்கள் மனை பெற்றவர்கள். மறுமுறை விண்ணப்பித்தால், "உமக்குத்தான் முன்பே கொடுத்தாயிற்றே" என்பார்கள். இப்படி இருமுறை வீடிழந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

கரையில் குடியிருப்பதற்கு இப்போது நாளும் குறைந்துவருகிறது. ஏரிகளைக் காக்க 2007-இல் மாநிலச் சட்டம் வந்தது. 2011 சனவரியில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றுமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நீர்நிலை காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஏரி பாழானால் முதலில் வேலை இழப்பவர் நாமே. அத்தீர்ப்பைத் தந்த நீதிபதிகள், அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்க்கோ பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கோ முறைப்படி விடப்பட்ட இடங்களுக்கு விலக்களிக்கலாம் என்றும் எழுதியுள்ளார்கள். இங்கும் தாள் உள்ளவரையே தீர்ப்பு காக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நாம் முதலில் சொன்ன மாணவனின் கதையும் இதுவே. அவன் தந்தை களத்துமேட்டிலிருந்து நீங்கியது கூலித் தகராறில். வாய்க்கால் கரையிலிருந்து நீங்கியது, வாய்க்காலைத் தூர்வாரி அகலப்படுத்த வந்தபோது. அத்தை வீட்டிலிருந்து நீங்கியது எவர் குற்றமும் அன்று. அத்தை மகனுக்குத் திருமணமாயிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எத்தனை பேர் படுப்பார்கள்? அவன் தாயும் தங்கையும் ஒரு வீட்டின் சமையல் மூலைக்குப் போனார்கள். தந்தை செங்கல் சூளைக்குப் போனார். இவன் நம் திண்ணைக்கு வந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒருமுறை தவறினான். அப்போது நம் கழகத்து நிர்வாகக் குழுவில், "பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று பேசப்பட்டது. அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம், தலையாட்டினோம். வினாத்தாளை வைத்துப் படிக்க ஒரு விளக்கும், மழையில் நனையாமல் புத்தகத்தை வைக்க ஒரு பரணும் அவனுக்கு உண்டா என்று நம்மில் எவரும் கேட்கவில்லை. பதிவேட்டில் காலிக் கட்டம் கண்ணெதிரே இருந்தது. கல்விக் கழகம் வீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்ற கேள்விக்கு இதற்குமேல் விடை வேண்டியதில்லை.

இன்னொரு வகை வீடின்மை உண்டு. வீடு இருந்தும் இல்லாமை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகள் பலவற்றில் இன்று கூரையின் பூச்சு பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் அதற்குள் படுக்க அஞ்சிப் பிள்ளைகளோடு பக்கத்துத் திண்ணைக்குப் போகிறார்கள். பிறகு திரும்புகிறார்கள். "ஆண்டில் இரண்டு மாதந்தானே" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஆண்டுக்கு இரண்டு மாதமென்றால் இருபதாண்டில் நாற்பது மாதம். மூன்றாண்டுக்கு மேல் ஒருவர் வீடின்றி இருந்ததற்குச் சமம். ஒரே சேர இருந்திருந்தால் செய்தித்தாளில் வந்திருக்கும்.

தீயைப் பற்றியும் ஒரு சொல். 2012 நவம்பர் 7-ஆம் நாள் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட நம் மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. அவற்றில் பல கான்கிரீட் வீடுகள், தீப்பிடிக்காத வீடுகள். உள்ளே இருந்த பொருள் எரிந்தது. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்தன. அம்மக்கள் மீண்டும் அங்கேயே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இடம் அவர்களுடையதாக இருந்தது அதற்கு ஒரு பிடிமானம். அத்தாள்களை மறுபடி பெறுவதற்கு நடக்கும் நடையைப் பற்றி எரிக்கப்பட்டவரைக் கேட்டால்தான் தெரியும். ஆதலால் நம் இளைஞர்கள் தம் சான்றிதழ்களின் படியையும் வீட்டுப் பட்டாவின் படியையும் வேறோர் இடத்தில் வைத்திருக்கவேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது பெரிய வேலையன்று.

"குடியாலும் சோம்பலாலும் வீடிழந்தார்கள்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நம்மவர் சிலரும் அதையே பேசுகிறார்கள். குடி நம் வீடுகளை அரிக்கிறது என்பதை மறுக்கமாட்டோம். அதைப் பற்றி மகளிர் அரங்கில் நேற்றே போதுமான அளவு பேசிவிட்டார்கள். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: மேலத் தெருவிலும் குடிக்கிறவர் இருக்கிறார். அவர் குடித்துவிட்டுத் தள்ளாடித் திரும்புவது தம் சொந்த வீட்டுக்கு. குடியால் கெட்டவர் வீடிழக்கவேண்டும் என்ற விதி, மனை இல்லாதவர்க்கு மட்டும் ஏன்?

அதேவேளை, பிறரை மட்டும் குறைசொல்லிப் போவது நேர்மையாகாது. தந்தை பெயரில் இருந்த பட்டாவை அண்ணன் தன் ஒரு பெயருக்கு மாற்றிக்கொண்டு தங்கையை விட்டுவிடுவது நம் தெருக்களில் நடக்கிறது. கணவனை இழந்த பெண்ணைக் கொழுந்தன்மார் புறந்தள்ளுவதும் நடக்கிறது. அவளுக்கு வீடின்மை புயலால் வரவில்லை, உறவால் வந்தது. அரசுகூட வீட்டுத் திட்டங்களில் மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ வீட்டை எழுதச் சொல்கிறது. நாம் எழுதத் தயங்குகிறோம். மற்றொன்று: படித்து வேலைக்குப் போன நம்மவர் நகரத்தில் வீடு கட்டிக்கொண்டோம். ஊரில் அண்ணன் தம்பியின் மனை எந்தக் கணக்கில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருநாள் கேட்டுச் சொல்ல நமக்கு நேரமில்லாமற்போயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவன் செய்யவேண்டிய வேலை அது. அண்ணல் அம்பேத்கர் பெயரை நம் கழகத்து வாயிலில் எழுதிவைத்துக்கொண்டு அதைச் செய்யாமல் இருந்தோம்.

செய்துகாட்டியவர்களும் இம்மண்ணில் இருக்கிறார்கள். நிலமற்ற கூலிக் குடும்பத்தில் பிறந்த கிருட்டிணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரும் அவர் கணவர் ஜெகந்நாதன் அவர்களும் கீழ்வெண்மணிக்குப் பின் இப்பகுதிக்கு வந்து, 1981-இல் லாப்டி என்னும் நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை வாங்கிப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார்கள். 2008-இல் அவ்விருவர்க்கும் வாழ்வுரிமை விருது கிடைத்தபோது அம்மையாருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அதன் பிறகும் குடிசைகளை மாற்றி வீடு கட்டித்தரும் வேலையில் அவர் இறங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு தாள் என்று பொறுமையாக நடந்ததே அவர்களுடைய வழி.

நம் கழகத்தால் நிலம் வாங்க இயலாது. உண்டியலில் இருப்பது எல்லோர்க்கும் தெரியும். நம்மால் இயன்றது எழுதுவது. ஆதலால் நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு ஒரு வேலையை முன்வைக்கிறோம். நம் சுற்றுவட்டத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று ஒரு குறிப்பேடு எழுதவேண்டும். எத்தனை குடிசை என்று எண்ணுவதற்கு அன்று. அதை அரசே செய்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் இப்போதுள்ள இடத்துக்கு எந்த ஆண்டில் வந்தது, அதற்கு முன் எங்கிருந்தது, ஏன் நீங்கியது, ஓரிடம் விட்டு மறு இடம் கிடைக்கும்வரை எத்தனை நாள் எங்கே தங்கியது என்று கேட்டு எழுதவேண்டும். நிலத்தின் புல எண் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கக் கேளுங்கள். பட்டா சிட்டா விவரங்களை இணையத்திலும் காணலாம். அது ஊர் நத்தமா, வாய்க்கால் புறம்போக்கா, கோயில் மனையா, தனியார் பட்டாவா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் மனு வேறு, அலுவலர் வேறு. நத்தத்தில் இருந்துகொண்டு, தமக்கு உரிமையே இல்லை என்று எண்ணி அஞ்சி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குத் தேவை ஒரு மனு, அவ்வளவே.

வீட்டில் மூன்று தம்பதியர் இருந்தால் மூன்று குடும்பமாகவே எழுதுங்கள். சூளைக்கும் திருப்பூருக்கும் போய் வீடு பூட்டிக்கிடந்தால், ஆள் இல்லை என்று விட்டுவராமல் பக்கத்து வீட்டாரைக் கேட்டு எழுதுங்கள். 2016-இல் வந்த வீட்டுத் திட்டத்துக்கு 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கையே முதலில் பட்டியலாகக் கொண்டார்கள். கணக்கெடுத்த நாளில் ஊரில் இல்லாதவர் எத்தனை பேர் அதனால் தவறிப்போனார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கணவனை இழந்தவர், தனித்து வாழ்பவர், சாதி கடந்து மணந்து ஊருக்கு வெளியே இருப்பவர் ஆகியோரைத் தாய்மார்கள் சென்று கேட்பது நலம். தம்பிகள் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

ஆண்டுதோறும் மே, ஜூன் திங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்த் தீர்வாயம், நாம் சொல்லும் ஜமாபந்தி, நடைபெறுகிறது. அதற்குள் முதற்சுற்று எழுதி முடித்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய மனுவைப் படியெடுத்து, எண் பெற்று, அந்த எண்ணையும் அதே குறிப்பேட்டில் எழுதிவிடலாம். மனு கொடுத்த நாளையும் எழுதுங்கள். விடை வந்த நாளையும் எழுதுங்கள். இடையில் கழியும் நாளும் வீடின்மையின் நாளே.

அந்த மாணவர் இப்போது திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறார். இரண்டாம் முறை எழுதித் தேறினார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர் தாயார் பாலத்துக்கு மறுபுறம், வாய்க்காலின் எதிர்க்கரையில்தான் இன்றும் குடியிருக்கிறார். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அவ்வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று அம்மையாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் வேலைக்குப் போகாமல் இருப்பதாகச் சொன்னார். குறிப்பேடுகள் வடக்குத் தாழ்வாரத்து மேசையில் அடுக்கப்பட்டுள்ளன. பந்தி முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புவோர் அங்கே வரலாம். தெருவுக்கு இருவர் வீதம் வேண்டும், அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கவேண்டும்.